4-ஆம் எண் துளை: பாம் பீச் ஓட்டுச்சீட்டு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2000 நவம்பர் 7, அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நாள். புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் கவுன்ட்டியில் (நம்மூர்க் கணக்கில் ஒரு மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்) ஓட்டுப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே, தேர்தல் அலுவலகத்திலிருந்து சாவடிப் பணியாளர்களுக்கு ஒரு நோட்டீஸ் போனது. அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: வருகிற வாக்காளர்கள் எல்லோருக்கும் நினைவுபடுத்துங்கள், ஜனாதிபதி வேட்பாளர் ஒருவருக்கு மட்டுமே ஓட்டுப் போட வேண்டும், தாங்கள் விரும்பும் வேட்பாளருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறிக்குப் பக்கத்தில் இருக்கும் துளையைக் குத்த வேண்டும்.

மூன்று தடவை "பக்கத்தில் இருக்கும்". இதை எழுதியவருக்கு எழுத வரவில்லை என்று ஒதுக்கிவிட முடியாது. ஓட்டுச்சீட்டு எப்படி இருந்ததோ அதை அந்த வாக்கியம் உள்ளது உள்ளபடி சொல்கிறது. பெயருக்கும் துளைக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருந்தது.

பத்திரிகையிலிருந்தோ விளம்பரத்துறையிலிருந்தோ டெக்னிக்கல் ரைட்டிங் பக்கம் வருகிறவர்களுக்கு, போஸ்டரும் லோகோவும் செய்து பழகிவிட்டு முதல்முறையாக ஒரு படிவத்தையோ கையேட்டையோ வடிவமைக்க உட்காருகிறவர்களுக்கு, நான் முதலில் காட்டுவது இந்த ஓட்டுச்சீட்டைத்தான். மென்பொருள், மருந்துச் சீட்டு, பம்புசெட் கையேடு என்று எதை எடுத்தாலும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு வேலையைச் சரியாக முடிக்க முடிகிறதா? பாம் பீச்சில் அந்த வேலை ஒரே ஒரு துளை போடுவது. அதில் ஆயிரக்கணக்கானவர்கள் தவறினார்கள். அவர்களில் படித்தவர்களும் பல தேர்தல் பார்த்தவர்களும் உண்டு.

கருவி

சீட்டைப் புரிந்துகொள்ள முதலில் கருவியைப் பார்க்க வேண்டும். வோட்டோமேட்டிக் என்று பெயர், 1960-களில் வந்தது. வாக்காளரிடம் ஒரு நீளமான அட்டையைக் கொடுப்பார்கள். அதில் வேட்பாளர் பெயர் எதுவும் இருக்காது. குட்டிக் குட்டிக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், அவ்வளவுதான். அட்டையைக் கருவியின் மேல்பக்கத்து இடுக்கில் செருகி, அதன் தலையில் இருக்கும் இரண்டு ஓட்டைகளை இரண்டு முளைகளில் மாட்ட வேண்டும். உள்ளே போன அட்டை அப்புறம் கண்ணில் படாது. மேலே தெரிவது புத்தகம் போலப் புரட்டக்கூடிய பெயர்ப் பக்கங்களும், மேலிருந்து கீழாக ஓடும் ஒரு துளை வரிசையும். வாக்காளர் பெயரைப் பார்த்து, அதற்குரிய துளையில் ஓர் ஊசிக்கோலை இறக்க வேண்டும். அடியில் இருக்கும் அட்டையில் அந்த எண்ணுள்ள கட்டம் பெயர்ந்து விழும்.

எழுதுகிறவரும் வடிவமைப்பவரும் கவனிக்க வேண்டியது இதுதான்: வேலை முடிந்து அட்டையை வெளியே எடுத்தால், அதில் ஒரு துளை தெரியும், ஓர் எண் தெரியும். யாருக்குப் போட்டோம் என்று தெரியாது. தன் தவறைத் தானே கண்டுபிடிக்க அந்தக் கருவி வாக்காளருக்கு வழி வைக்கவில்லை. அப்படிப்பட்ட கருவியில் சுமை முழுவதும் பக்கத்தின் மேல்தான். குத்துவதற்கு முன்பே பக்கம் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு

அந்த வருடம் புளோரிடாவில் ஜனாதிபதி பதவிக்கு 10 கட்சிகள் நின்றன. 1998-ல் மாநில அரசியலமைப்பில் கொண்டுவந்த திருத்தம் சிறிய கட்சிகளும் சீட்டில் இடம்பெறுவதைச் சுலபமாக்கியிருந்தது. ஒவ்வொரு கட்சிக்கும் ஜனாதிபதி வேட்பாளர், துணை ஜனாதிபதி வேட்பாளர் என இரண்டு பெயர். ஆக 20 பெயர்கள், 10 கட்சிப் பெயர்கள், ஒரே பக்கத்தில்.

வேட்பாளர் எண்ணிக்கை கூடினால் சீட்டு என்ன பாடுபடும் என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்று, ஓட்டுச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டிவந்தது. பாம் பீச்சில் நெருக்கடி அவ்வளவு பெரிதில்லை. ஆனால் பத்துக் கட்டங்களையும் ஒரே பக்கத்தில் அடக்க வேண்டுமானால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டும். தேர்தல் மேற்பார்வையாளராக இருந்த தெரசா லெபோர் அங்கேதான் யோசித்தார். ஓய்வுபெற்ற முதியவர்கள் நிறைய வாழும் ஊர் அது. பொடி எழுத்தை அவர்களால் படிக்க முடியாது. அதனால் எழுத்தளவைக் குறைக்காமல், பெயர்களை இரண்டு பக்கமாகப் பிரித்து, துளை வரிசையை நடுவில் விட்டார். இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சி போல் இருந்ததால் வண்ணத்துப்பூச்சிச் சீட்டு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடக் கூடாது. லெபோர் வாசகரைப் பற்றி யோசிக்கவில்லை என்று சொல்வது தவறு. அவர் யோசித்தார், கண்பார்வை மங்கிய ஒரு முதியவரை மனதில் வைத்துத்தான் முடிவெடுத்தார். அந்த முதியவர் பெயரைப் படிப்பது வரைக்கும்தான் அந்த யோசனை போனது. படித்து முடித்து, ஊசியைக் கையில் எடுத்து, எந்தத் துளை என்று தேடும் அடுத்த சில நொடிகளுக்குள் அது போகவில்லை. நம்மில் பெரும்பாலோர் செய்யும் தவறு இதே வகைதான். வாசகரை நினைக்கிறோம், பாதி தூரம் மட்டும் கூடப் போகிறோம்.

பக்கத்தில் என்ன இருந்தது

இடது பக்கத்தில் முதல் கட்டம் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ். மாநில ஆளுநர் தேர்தலில் கடைசியாக வென்ற கட்சி முதலில் வர வேண்டும் என்பது புளோரிடா சட்டம். 1998-ல் வென்றவர் குடியரசுக் கட்சிக்காரர், அதனால் இந்த வரிசை. அதற்குக் கீழே இரண்டாவது கட்டத்தில் ஜனநாயகக் கட்சியின் அல் கோர். வலது பக்கத்தில் முதல் கட்டம் சீர்திருத்தக் கட்சியின் பாட் புக்கானன். இடது பக்கம் ஆறு கட்சிகள், வலது பக்கம் நான்கு.

நடுவில் ஒரே துளை வரிசை. இரண்டு பக்கத்துக் கட்டங்களும் மாறி மாறி அதே வரிசையைப் பங்குபோட்டுக்கொண்டன. புஷ்ஷுக்கு 3-ஆம் எண். வலது பக்கப் புக்கானனுக்கு 4. இடது பக்கக் கோருக்கு 5. கட்டத்தின் ஓரத்தில் எண்ணும் அம்புக்குறியும் உண்டு, அம்பு உரிய துளையைக் காட்டும். அச்சுப்பிழை எதுவும் இல்லை. விதிப்படி பார்த்தால் குறை சொல்ல இடமில்லாத பக்கம்.

ஆனால் கண் விதிப்படி ஓடுவதில்லை. இடது பக்கத்தை மேலிருந்து படிக்கிறோம்: முதல் பெயர் புஷ், இரண்டாவது கோர். கோருக்குப் போட வேண்டும் என்று முடிவு செய்துதான் வந்திருக்கிறோம், பெயரைப் பார்த்தாயிற்று. அதற்கு மேல் வலது பக்கத்தைப் படிக்க என்ன தேவை? இரண்டாவது பெயர் என்றால் இரண்டாவது துளை. அந்த இரண்டாவது துளைதான் 4-ஆம் எண், புக்கானனுடையது. போதாததற்கு, கோரின் கட்டத்து மேல்கோடு ஏறக்குறைய அந்தத் துளையின் உயரத்துக்கே வந்து நின்றது. பெயர்ப் பக்கம் ஒரு தளத்தில், துளை அதற்குச் சற்றுத் தாழ்ந்த தளத்தில் என்பதால், பார்க்கிற கோணம் மாறினால் வரிசையும் நகர்ந்ததுபோலத் தெரியும். குள்ளமானவருக்கும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் நின்று பார்ப்பவருக்கும் அது ஒரே பக்கம் இல்லை.

வடிவமைப்பாளர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். எது எதற்கு அருகில் இருக்கிறதோ அது அதைச் சேர்ந்தது என்று கண் எடுத்துக்கொள்ளும். அம்புக்குறி, எண், கோடு எல்லாம் அதற்குப் பிறகுதான். அருகாமை ஒன்றைச் சொல்ல, அம்பு வேறொன்றைச் சொன்னால், அவசரத்தில் ஜெயிப்பது அருகாமை.

எழுதுகிறவர்களுக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு பங்கு இருக்கிறது. தலைப்புக்குக் கீழே, இந்த வேட்பாளர்களுக்குப் போடும் ஓட்டு உண்மையில் அவர்களுடைய தேர்வாளர்களுக்கு (மாநிலத்தின் சார்பில் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு) போடும் ஓட்டு என்று அடைப்புக்குள் ஒரு வரி. அடுத்து, "குழுவுக்கு ஓட்டளிக்கவும்" என்ற பொருளில் இன்னொரு வரி. ஜனாதிபதியும் துணை ஜனாதிபதியும் சேர்ந்த ஜோடி ஒரு குழு, அந்த ஜோடிக்கு ஒரே ஓட்டு என்பதுதான் எழுதியவர் சொல்ல வந்தது. சட்டப்படி சரியான வரி. ஆனால் சாவடியில் ஊசியோடு நிற்கிறவருக்கு "குழு" என்றால் என்ன? கட்டத்தில் கோர் ஒரு பெயர், அடுத்து அவருடைய துணை ஜனாதிபதி வேட்பாளர் லீபர்மன் ஒரு பெயர். இரண்டு பேர், அப்படியானால் இரண்டு துளையா? "ஒரே ஒரு துளை மட்டும் குத்துங்கள்" என்ற வாக்கியம் அங்கே இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

எண்ணிக்கை சொன்னது

கவுன்ட்டியில் புக்கானனுக்கு 3,400-க்கும் மேல் ஓட்டு விழுந்தது. புளோரிடாவின் வேறு எந்தக் கவுன்ட்டியிலும் அவருக்கு 1,100 ஓட்டுகூடக் கிடைக்கவில்லை. பாம் பீச் ஜனநாயகக் கட்சி பலமாக இருந்த இடம். அந்த ஓட்டுகளில் பெரும்பாலானவை தனக்கானவையாக இருக்காது என்று புக்கானனே தொலைக்காட்சியில் சொன்னார்.

ஊகம் என்று விட்டுவிடாமல் நிரூபிக்க ஒரு வழி கிடைத்தது. தபாலில் ஓட்டுப் போட்டவர்களுக்குப் போன சீட்டு வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் இல்லை. அதே கவுன்ட்டி, அதே வேட்பாளர்கள், வேறு லேஅவுட். அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டு 2001-ல் வெளியிட்டார்கள். தபால் ஓட்டில் 1,000 பேருக்கு 2.2 பேர் புக்கானனுக்குப் போட்டிருந்தார்கள். சாவடியில் 1,000 பேருக்கு 8.5 பேர். கோருக்குப் போட நினைத்த 2,000-க்கும் மேற்பட்டவர்கள் தவறிப்போய்ப் புக்கானனுக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் கணக்கு.

அதைவிடப் பெரிய இழப்பு செல்லாத ஓட்டுகளில். ஜனாதிபதி இடத்தில் ஒன்றுக்கு மேல் துளை போட்டதால் தள்ளுபடியான அட்டைகள் 19 ஆயிரத்துக்கும் மேல், போட்டவர்களில் ஏறக்குறைய 100-க்கு 4 பேர். உள்ளூர் நாளிதழ் ஒன்று பின்னாளில் அவற்றை எடுத்து எண்ணிப் பார்த்தது. 4-உம் 5-உம் சேர்ந்து குத்தியவை 5,300-க்கும் மேல். 5-உம் 6-உம் சேர்ந்தவை சுமார் 2,900. கோருடைய துளைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. முதலில் 4-ல் குத்திவிட்டு, தவறு தெரிந்து 5-லும் குத்தியவர்கள் அதில் இருப்பார்கள். இரண்டு பெயருக்கு இரண்டு துளை என்று நினைத்தவர்களும் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

புளோரிடாவில் பதிவான ஓட்டு ஏறக்குறைய 60 லட்சம். புஷ் ஜெயித்த வித்தியாசம் 537. அந்த மாநிலத்தோடு ஜனாதிபதி பதவியும் அவருக்குப் போனது.

அதே நாளில் அதே மாநிலத்தின் டூவால் கவுன்ட்டியில் வேறொரு விபத்து. அங்கே வண்ணத்துப்பூச்சி இல்லை. ஜனாதிபதி வேட்பாளர்களை அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் போட்டிருந்தார்கள். முன்கூட்டியே வெளியான மாதிரிச் சீட்டில், எல்லாப் பக்கங்களிலும் ஓட்டளிக்கவும் என்று ஒரு வரி. சொன்னபடி செய்தவர்கள் முதல் பக்கத்தில் ஒரு ஜனாதிபதிக்கும் இரண்டாவது பக்கத்தில் இன்னொரு ஜனாதிபதிக்கும் போட்டார்கள். சுமார் 22 ஆயிரம் ஓட்டுகள் இப்படி ஒன்றுக்கு மேல் துளை விழுந்து செல்லாமல் போயின. அறிவுறுத்தலை மதித்துப் படித்தவர்தான் அங்கே ஓட்டை இழந்தார். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கும், ஏனென்றால் அந்த ஒரு வரியை எழுதியது நம்மைப் போன்ற ஒருவர்தான்.

படித்துப் பார்த்தல், செய்து பார்த்தல்

பாம் பீச் சீட்டு ரகசியமாக அச்சானதில்லை. மாதிரிச் சீட்டு வாக்காளர்களின் வீடுகளுக்கே போனது, கட்சிக்காரர்களும் பார்த்தார்கள். தேர்தல் நாள் வரைக்கும் பெரிதாக யாரும் ஆட்சேபிக்கவில்லை. காரணம் எளிது. எல்லோரும் அதைப் படித்துப் பார்த்தார்கள். பெயர் சரியா, எழுத்துப்பிழை உண்டா, நம் கட்சி எங்கே வருகிறது என்று பார்த்தார்கள். கருவிக்குள் அட்டையைச் செருகி, ஊசியை எடுத்து, ஒரு பெயருக்கு ஓட்டுப் போட்டுப் பார்க்கவில்லை. ப்ரூஃப் பார்ப்பதும் சோதிப்பதும் வேறு வேறு வேலைகள், முதலாவதை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இரண்டாவது நடந்ததாகாது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருந்தபோது, அந்தப் பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்து, நடுவில் ஒரு தெர்மோகோல் பட்டையை ஒட்டி, பேனா முனை நுழையும்படி துளை போட்டேன். எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும் ஓர் அக்காவைக் கூப்பிட்டு, "இதில் கோர் என்று ஒரு பெயர் இருக்கிறது, அவருக்கு ஓட்டுப் போடுங்கள் அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பெயரைத் தேடினார். கண்டுபிடித்ததும் விரலைப் பெயரின் மேலேயே வைத்துக்கொண்டு, மறு கையிலிருந்த பேனாவை நேராக நடுவுக்குக் கொண்டுபோனார். முனை 4-ஆம் எண் துளைக்கு மேல் நின்றது. "ரெண்டாவது பேரு, ரெண்டாவது ஓட்டை. சரிதானே தம்பி?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் பதில் சொல்லவில்லை. மறுபடி பக்கத்தைப் பார்த்தார், அம்பைப் பார்த்தார், "அய்யோ, இது அந்தப் பக்கத்து ஆளோடது" என்று கையை இழுத்துக்கொண்டார்.

கணக்கு வழக்கில் ஒரு ரூபாய் விடாத அக்கா அவர். சாவடியில் முகத்தைப் பார்த்துக் கேட்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். வகுப்பில் இருந்த எல்லோரும் அந்தப் பேனா முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு விதிமுறைகளை நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு ஆன செலவு ஒரு தெர்மோகோல் துண்டும் கால் மணி நேரமும். சோதனை என்றால் ஆய்வுக்கூடம், கேமரா, பெரிய பட்ஜெட் என்று நினைத்துப் பலர் தொடங்குவதே இல்லை. மூன்று நான்கு பேரை உட்கார வைத்து, வேலையைச் சொல்லி, உதவாமல் பார்த்தாலே பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும். உதவாமல் இருப்பதுதான் கஷ்டம். நாக்கு துடிக்கும்.

தேர்தல் நாளின் நடுவில் அந்த நோட்டீஸை எழுதும் வேலை நம் கையில் வந்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்றும் வகுப்பில் எழுதிப் பார்ப்போம். சீட்டை மாற்ற முடியாது, சொல்வதை மட்டும் மாற்றலாம். ஆங்கில வாக்கியம் துளையில் தொடங்கிப் பின்னோக்கிப் போய் வேட்பாளரில் முடிகிறது. தமிழில் அது தானாகவே வேட்பாளரில் தொடங்கித் துளையில் முடிகிறது. வாக்காளரின் கண் போக வேண்டிய வழியும் அதுதான். தமிழ் தரும் அந்த வரிசையை வைத்துக்கொண்டு, ஒரே வாக்கியமாக அடுக்காமல் வெட்டினால் போதும்: "உங்கள் வேட்பாளரின் பெயரைக் கண்டுபிடியுங்கள். அந்தக் கட்டத்தின் ஓரத்தில் ஓர் அம்பு இருக்கும். அம்பின் நுனி காட்டும் துளையில் குத்துங்கள். ஒரு துளை மட்டும். தவறாகக் குத்திவிட்டால் அட்டையைக் கொடுத்துப் புதிய அட்டை வாங்கிக்கொள்ளுங்கள்." கடைசி வாக்கியம் அசல் நோட்டீஸில் இல்லை. புதிய அட்டை கேட்டு வாங்கும் உரிமை வாக்காளருக்கு இருந்தது. 4-லும் 5-லும் குத்திவிட்டு அப்படியே பெட்டியில் போட்டவர்களுக்கு வேண்டியிருந்தது அந்தத் தகவல்தான். நோட்டீஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது போய்ச் சேர்வதற்குள் காலை 7 மணி முதல் வந்து போனவர்களின் அட்டைகள் பெட்டிக்குள் விழுந்திருந்தன.

அதற்குப் பிறகு

புளோரிடா 2001-லேயே துளை அட்டைகளைக் கைவிட்டது. 2002-ல் வந்த மத்தியச் சட்டம் பழைய கருவிகளை மாற்றப் பணம் ஒதுக்கியது, தேர்தல் உதவி ஆணையம் என்ற அமைப்பையும் உருவாக்கியது. லெபோர் 2004-ல் தன் பதவிக்கான தேர்தலில் தோற்றார். வடிவமைப்பாளர்களின் சங்கமும் எழுத்தாளர்களும் இந்த வேலைக்குள் வந்தார்கள். 2007-ல் ஆணையம் ஓட்டுச்சீட்டு வடிவமைப்புக்கான வழிகாட்டியை வெளியிட்டது. 2009-ல் வெளியான ஓர் அரசு ஆய்வில் 45 பேரிடம் இரண்டு சீட்டுகளைக் கொடுத்தார்கள், ஒன்று வழக்கமான மொழியில், இன்னொன்று எளிய மொழியில். எளிய மொழிச் சீட்டில் தவறுகள் குறைந்தன, 82 சதவீதம் பேர் அதையே விரும்பினார்கள். எளிய மொழி என்றால் சொல் சிறிதாக இருப்பது மட்டும் இல்லை. தலைப்பிலேயே எல்லா விளக்கத்தையும் கொட்டாமல், எந்த இடத்தில் ஒரு வேலை வருகிறதோ அந்த இடத்தில் அதற்கான வரியை வைப்பதும் அதில் அடக்கம்.

2018 நவம்பரில் புளோரிடாவில் செனட் தேர்தல். பாம் பீச்சுக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் பிரவார்டு கவுன்ட்டி. துளை அட்டை போய், பேனாவால் கறுப்பாக்கும் காகிதச் சீட்டு வந்திருந்தது. இடது பத்தியில் மேலிருந்து கீழாக ஓட்டுப்போடும் முறை பற்றிய அறிவுறுத்தல், ஆங்கிலம், ஸ்பானிஷ், ஹெய்ட்டி கிரியோல் என மூன்று மொழிகளில். மூன்று மொழியில் போட்டது நல்ல விஷயம், அதனால் அந்தப் பத்தி நீண்டதும் இயல்புதான். ஆனால் செனட் போட்டியை அந்த அறிவுறுத்தலுக்கு அடியில், அதே பத்தியின் கீழ்மூலையில் வைத்தார்கள். ஆளுநர் போட்டி நடுப்பத்தியின் உச்சியில். பல தடவை ஓட்டுப் போட்டவர்கள் அறிவுறுத்தலைத் தாண்டி நேராக நடுப்பத்திக்குப் போனார்கள். அறிவுறுத்தலுக்கு அடியில் ஒரு போட்டி ஒளிந்திருக்கும் என்று யார் தேடுவார்கள்? ஆளுநருக்குப் போட்டுவிட்டு செனட்டை விட்டவர்கள் அந்தக் கவுன்ட்டியில் மட்டும் சுமார் 25 ஆயிரம் பேர். செனட் இடம் மாநிலம் முழுவதிலும் சேர்த்து 10,033 ஓட்டில் கைமாறியது.

அறிவுறுத்தலுக்கு அடியில் போட்டியை வைக்காதீர்கள் என்ற எச்சரிக்கை 2007 வழிகாட்டியிலேயே இருந்தது. பதினோரு வருடம் கழித்தும் அந்தச் சீட்டை அடுக்கியவர்களின் மேசைக்கு அது போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் அந்தப் பக்கம் திறக்கப்படவில்லை. அதனால் வகுப்பில் இப்போது இரண்டாவது பயிற்சியாக இதை வைத்திருக்கிறேன். பிரவார்டு சீட்டின் அச்சுப்படி ஒன்றை ஆளுக்கொரு பேனாவோடு கொடுத்து, "எல்லாப் போட்டியிலும் ஓட்டுப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் பேனா முதலில் எங்கே இறங்குகிறது என்று பின்னால் நின்று பார்ப்பேன்.